ஓரிங் மாற்றியும் ஏன் ஒழுகுகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு சைட்டில் மெக்கானிக்காக இருக்கும் தம்பி போன் செய்தான். "அண்ணே, பூம் பைப் ஜாயின்ட்ல ஓரிங் மூணு தடவ மாத்திட்டேன். ரெண்டு நாள் நிக்குது, மறுபடி ஒழுகுது. ஓரிங் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்றான். எக்ஸ்கவேட்டரின் தூக்கும் கையான பூமில் எண்ணெய் ஓடும் பைப் அது; ஓரிங் அதன் ஜாயின்டை அடைக்கும் ரப்பர் வளையம். கழற்றிய ஓரிங் எங்கே என்று கேட்டேன். முதல் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டானாம். மூன்றாவது மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையத்தின் வெளி விளிம்பில், ஒரு பக்கம் மட்டும், எலி கடித்த மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகள் போயிருந்தன. எதிர்ப்பக்கம் புதுசு போலவே உருண்டையாக இருந்தது. அப்படியானால் ஓரிங் நல்ல ஓரிங்தான். பைப் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளேஞ்ச் ஒரு பக்கமாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அந்த இடுக்கில் ரப்பர் பிதுங்கிக் கடிபட்டிருக்கிறது.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். பக்கெட்டுக்குப் பதில் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி ஓடும் மெஷின். பூமின் மேல் ஓடும் இரும்புப் பைப்பைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் ஒன்றில் போல்ட்டைக் காணோம், உள்ளே இருக்க வேண்டிய ரப்பரும் இல்லை. பிரேக்கர் அடிக்கும்போதெல்லாம் பைப் நடுங்குகிறது. அந்த நடுக்கம் முழுவதும் நான்கு ஃபிளேஞ்ச் போல்ட்டுகளின் தலையில் விழுகிறது. போல்ட் இளகி, இடைவெளி விட்டு, ஓரிங்கைத் தின்றுவிட்டது. எண்ணெய் சொட்டிய இடத்துக்கும் அந்த கிளாம்புக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் தூரம் இருக்கும். கிளாம்பைச் சரிசெய்து, நீண்டுபோன போல்ட்டுகளை மாற்றி, நான்காவது ஓரிங்கைப் போட்டோம். அதற்குப் பிறகு அந்த ஜாயின்ட் காய்ந்தே இருக்கிறது.

பதினைந்து வருடமாக சிங்கப்பூரில் இந்த வேலையில் இருக்கிறேன். எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்று, ஒழுகுகிற இடம் இன்னொன்று, ஒழுகக் காரணமான இடம் மூன்றாவது. பெரும்பாலும் நாம் இரண்டாவது இடத்தோடு நின்றுவிடுகிறோம். அதனால்தான் ஒரே வேலையை மூன்று தடவை செய்கிறோம்.

சீல் எப்படி வேலை செய்கிறது

இருபது டன் எக்ஸ்கவேட்டர் ஒன்றின் முக்கிய ஹைட்ராலிக் லைனில் சுமார் 350 பார் அழுத்தம் ஓடுகிறது. கார் டயரில் இருப்பது இரண்டேகால், இரண்டரை பார். விரல் நகம் அளவு இடத்தின் மேல், ஒரு சதுர சென்டிமீட்டரில், 350 கிலோவுக்கு மேல் அமுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரு ரப்பர் வளையம் எப்படித் தடுக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ரகசியம் ரப்பரின் பலத்தில் இல்லை. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் பெரிய தலைவலி, உள்ளே போய் வரும் தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லி தோலால் ஒரு கிண்ணம் போலச் செய்து பொருத்தினார். அழுத்தம் ஏற ஏற, அந்த அழுத்தமே தோலின் உதட்டை விரித்துத் தண்டோடு ஒட்ட வைத்தது. நீரைத் தடுக்கும் வேலையை நீரிடமே ஒப்படைத்துவிட்டார். இன்று நாம் சிலிண்டரில் போடும் யூ-பேக்கிங் அந்தத் தோல் கிண்ணத்தின் வாரிசுதான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் காப்புரிமை பெற்ற ஓரிங்கும் இதே வழிதான்: அழுத்தம் வளையத்தைப் பள்ளத்தின் ஒரு மூலைக்குத் தள்ளுகிறது, தள்ளத் தள்ள இறுக்கம் கூடுகிறது.

இது புரிந்தால் ஆபரேட்டர் சொல்வதும் புரியும். "ஓடும்போது ஒழுகல, ராத்திரி நிறுத்தி வச்சா காலையில கீழ எண்ணெய் கிடக்குது" என்று ஒரு ஆபரேட்டர் அண்ணன் சொல்வார். அவர் சொல்வது பாதி நோய்க்குறிப்பு. ஓடும்போது அழுத்தம் வளையத்தைத் தள்ளி அடைத்துக்கொள்கிறது. நிறுத்தினால் அழுத்தம் போய்விடும், மெஷின் ஆறிச் சுருங்கும். அப்போது ரப்பர் தன் சொந்த விறைப்பில் அடைத்து நிற்க வேண்டும். தட்டையாகிப்போன கிழட்டு ஓரிங்கால் அது முடியாது. அந்த ஜாயின்டில் வளையத்தை மாற்றினால் போதும். இதற்கு நேர்மாறாக, லோடு எடுக்கும்போது மட்டும் ஒழுகி மற்ற நேரம் காய்ந்திருந்தால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். போல்ட் இளகியிருக்கும், பைப்பில் வெல்டு ஓரம் மயிரிழை விரிசல் இருக்கும், அல்லது எதிர்முகத்தில் கீறல் இருக்கும்.

இங்கே ஏன் சீக்கிரம் போகிறது

நம் ஊரில் எக்ஸ்கவேட்டரை இன்றும் பொக்லைன் என்றுதான் சொல்கிறோம். அது 1951-லேயே ஹைட்ராலிக்கில் மண் அள்ளும் மெஷின் செய்த பிரெஞ்சு கம்பெனியின் பெயர். ஐரோப்பாவின் குளிரில் பிறந்த மெஷின், சிங்கப்பூரில் வருடம் முழுக்க 31, 32 டிகிரி பகலில் ஓடுகிறது. எண்ணெயின் சூடு 82 டிகிரியைத் தாண்டினால் சீல்களின் ஆயுள் வேகமாகக் குறைய ஆரம்பிக்கிறது. நாம் அதிகம் போடும் நைட்ரைல் ரப்பரின் எல்லை சுமார் 100 டிகிரி. சூடு பத்து டிகிரி கூடினால் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

ஆயில் கூலரின் இடுக்குகளில் சிமென்ட் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பலகை மாதிரி அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் வராது. ஒரே மெஷினில் மூன்று வெவ்வேறு இடத்தில் ஒரே மாதத்தில் ஒழுகல் வந்தால், நான் முதலில் பார்ப்பது அந்த மூன்று இடங்களை அல்ல, கூலரைத்தான். 46 நம்பர் எண்ணெய் போட வேண்டிய மெஷினா, 68 நம்பரா (நம்பர் கூடினால் எண்ணெய் கெட்டி) என்பதையும் கையேட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சூட்டில் நீர்த்துப்போன எண்ணெய், முன்பு தாண்டாத இடுக்கையும் தாண்டும்.

அப்புறம் பிரேக்கர். தீவின் நடுவிலும் வடக்கிலும் புக்கிட் தீமா கிரானைட், மேற்கில் ஜூரோங் பாறை. அடித்துத்தான் உடைக்க வேண்டும். பிரேக்கர் நடுக்கத்தையும் கொண்டுவருகிறது, சூட்டையும் கொண்டுவருகிறது, குழாயைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் தூசியையும் உள்ளே விடுகிறது. அதனால்தான் பிரேக்கர் ஓடும் மெஷினுக்கு எண்ணெயும் ஃபில்டரும் மாற்றும் மணிக்கணக்கைக் கையேடுகள் வெகுவாகக் குறைத்துப் போட்டிருக்கின்றன. பக்கெட் வேலைக்கு எழுதிய கணக்கில் பிரேக்கர் மெஷினை ஓட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

தெற்கே காலாங் பக்கம் கடல் களிமண். மெத்தென்று இருக்கும், மெஷினுக்கு நல்லதுதானே என்று தோன்றும். டிராக்கின் உள்ளே புகுந்து காய்ந்தால் சிமென்ட் மாதிரி இறுகி, டிராக்கைச் சுழற்றும் கியர்பெட்டியான ஃபைனல் டிரைவின் மிதக்கும் சீலை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாலையில் தண்ணீர் அடித்துக் களிமண்ணை எடுப்பது அழகுக்காக இல்லை.

எங்கிருந்து வருகிறது

ஒழுகும் மெஷினைப் பார்த்ததும் ஸ்பானரை எடுக்கக் கூடாது. துணியையும் டிகிரீசரையும்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் கீழே இறங்கும். எஞ்சின் ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். பைப்பின் அடியோடு ஓடி மூன்று ஜாயின்ட் தாண்டிச் சொட்டும். ஆகவே முதலில் கழுவி, காற்றடித்து, காய விட வேண்டும். கழுவிய தண்ணீர் காண்வாய்க்கு, அதாவது மழைநீர் வடிகாலுக்கு, போகாத இடத்தில் கழுவ வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். காய்ந்த ஜாயின்ட் மேல் லேசாக முகப்பவுடர் தூவி, மெஷினைச் சூடேறும் வரை ஓட்டி, நிறுத்திவிட்டுப் பார்த்தால் ஈரக்கோடு தானே தெரியும். அந்தக் கோட்டின் உச்சிதான் நமக்கு வேண்டிய இடம்.

வெள்ளை டிஷ்யூ ஒன்றில் தொட்டுப் பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். தேன் நிறம் என்றால் பெரும்பாலும் ஹைட்ராலிக். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். பால் மாதிரி வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. அது ஒழுகலை விடப் பெரிய விஷயம். ஃபைனல் டிரைவில் கியர் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டும் விழாது, ஆனால் உள்ளே மெஷினை நகர்த்தும் டிராவல் மோட்டாரின் சீல் போய் ஹைட்ராலிக் எண்ணெய் அங்கே இறங்குகிறது.

எஞ்சினில் ஒரு பாடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல், ஒரு வொர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. அதை மாற்ற பம்பையே இறக்க வேண்டும், ஒரு முழு நாள் வேலை. இரண்டு தடவையும் சில வாரங்களில் ஒழுகியது. மூன்றாவது தடவை பம்பை இறக்கும் முன், எஞ்சின் மூச்சு விடும் குழாயான பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்தோம். காற்றே போகவில்லை, உள்ளே கறுப்புப் பிசின். எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியே போக வழியில்லாமல், கிடைத்த சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வந்திருக்கிறது. பத்து நிமிட வேலைக்கு இரண்டு நாள் போயிருந்தது. அன்று முதல் எஞ்சின் ஒழுகல் என்றால் என் கை முதலில் பிரீதருக்குத்தான் போகும்.

கழற்றிய ஓரிங்கைப் படிப்பது

இதை எல்லாத் தம்பிகளுக்கும் நான் வலியுறுத்திச் சொல்வேன்: பழைய ஓரிங்கைத் தூக்கிப் போடாதே. கழற்றியதும் துடைத்து, உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்.

இரண்டு பக்கமும் தட்டையாகி, எடுத்த பிறகும் உருண்டைக்குத் திரும்பவில்லை என்றால் சூடு, அல்லது வயசு. வளைத்தால் பிஸ்கட் மாதிரி விரிசல் விட்டால் சூடு ரொம்ப அதிகம். அந்த இடத்தில் எக்ஸாஸ்டுக்குப் பக்கமாக லைன் போகிறதா, கூலர் அடைத்திருக்கிறதா என்று தேடு. விளிம்பு மட்டும் கடிபட்டிருந்தால் இடைவெளி; போல்ட், கிளாம்ப், தேய்ந்த முகம், அல்லது ஓரிங்குக்கு முட்டுக்கொடுக்கும் பேக்கப் ரிங் போட மறந்தது. ஓரிடத்தில் மட்டும் கத்தி பட்டது போல் அறுந்திருந்தால் அது நம் கைவேலை: எண்ணெய் தடவாமல் மரையின் மேல் இழுத்து ஏற்றியிருக்கிறோம், அல்லது ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருக்கிறோம். ஊதிப் பெருத்து, பள்ளத்துக்குள் திரும்ப உட்காரவே மாட்டேன் என்றால் அந்த ரப்பருக்கு ஒவ்வாத திரவம் பட்டிருக்கிறது. நைட்ரைல் வளையத்தில் பிரேக் ஃபுளூயிட் பட்டால் இப்படி ஆகலாம். ஒன்றும் ஆகாமல் புதுசு மாதிரியே வெளியே வந்தால் அதுவும் ஒரு செய்திதான். ஒழுகல் ஓரிங்கில் இல்லை. உலோகத்தின் முகத்தை நகத்தால் தடவிப் பார்.

அளவு விஷயத்தில் "கிட்டத்தட்ட" என்பது கிடையாது. கடையில் வாங்கும் பெட்டி ஓரிங்குகளில் பல 70 கடினம் உள்ளவை. உயர் அழுத்த லைனுக்கு 90 கடினம் கேட்டிருப்பார்கள். கைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், 350 பாரில்தான் வித்தியாசம் தெரியும்.

ஒழுகும் ஜாயின்டை இன்னும் ஒரு இறுக்கு இறுக்கிப் பார்க்கும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. இளகிய ஜாயின்டுக்கு அது சரி. இளகாத ஜாயின்டை இறுக்கினால் நட் விரியும், கூம்பு நசுங்கும், போல்ட் நீளும். நாளைக்கு வர வேண்டிய ஒழுகல் இன்றைக்கே வரும். நான்கு போல்ட் ஃபிளேஞ்சில் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் முகம் சாய்ந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால். முடித்ததும் நட்டுக்கும் பாடிக்கும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

மரை ஏறிவிட்டதாலேயே ஃபிட்டிங், அதாவது குழாய் முனை இணைப்பு, பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஜப்பான் மெஷினில் ஐரோப்பிய அட்டாச்மென்ட் மாட்டும்போது மரை சரியாக ஏறும், உள்ளே கூம்பின் கோணம் வேறாக இருக்கும். 37 டிகிரி, 60 டிகிரி, 24 டிகிரி என்று வகைகள் இருக்கின்றன. கோணம் மாறினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டு நிற்கும், கொஞ்ச நாளில் ஒழுகும். அதற்கு டெஃப்லான் டேப் சுற்றுவது மருந்தே இல்லை. இந்த ஜாயின்டுகளில் அடைப்பது மரை அல்ல, முகம். டேப்பின் துணுக்கு உள்ளே போய் வால்வில் மாட்டினால் அடுத்த வாரம் பூம் தானாக இறங்கும். ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று எண்ணெயில் ஊற்றுவதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அவற்றில் பல ரப்பரை ஊத வைத்துத்தான் வேலை செய்கின்றன. நன்றாக இருக்கும் சீலும் சேர்ந்தே ஊதும்.

ஹோஸும் சிலிண்டர் தண்டும்

ஹோஸின் மேல் நீளவாக்கில் எழுத்து அச்சிட்டிருக்கும். மாட்டிய பிறகு அந்த எழுத்து வரி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கொடி மாதிரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் அது முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும், உள்ளே கம்பிப் பின்னல் அறும். இன்னொன்று: அழுத்தம் ஏறும்போது ஹோஸின் நீளமே மாறும், 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளலாம். விறைப்பாக அளவெடுத்து வெட்டிய ஹோஸ் ஃபிட்டிங்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தொய்வு விட்டே வெட்டச் சொல்லுங்கள்.

அதே எழுத்து வரியில் தயாரித்த காலாண்டும் வருடமும் இருக்கும். ஜெர்மன் தரநிலை ஹோஸ் அசெம்பிளிக்கு, கிடங்கில் இருந்த இரண்டு வருடம் உள்பட, ஆறு வருடம் என்று ஆயுள் வைத்திருக்கிறது. இந்த வெயிலில் அந்த ஆறு வருடத்தையும் எதிர்பார்க்க நான் துணிய மாட்டேன். மேல் ரப்பர் தேய்ந்து கம்பி தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். அதன் மேல் பழைய டியூப் சுற்றிக் கட்டி ஓட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். கம்பி துருப்பிடிப்பதை மறைக்கிறது, அவ்வளவுதான். ஹோஸ் வேன் சைட்டுக்கே வந்து வெட்டி, முனையில் ஃபிட்டிங்கை நெருக்கிப் பொருத்தி (கிரிம்ப் செய்து) தரும் ஊர் இது; காத்திருக்கும் நேரம் பெரிதல்ல. வெட்டிய தூள் உள்ளே இருக்கும், அதைச் சுத்தம் செய்யாமல் மாட்ட விடாதீர்கள். கழற்றிய இரண்டு வாயையும் உடனே மூடுங்கள். வால்வுக்குள் நகரும் தண்டான ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்ணுக்குத் தெரியாத மணலும் அங்கே பாறாங்கல்.

சிலிண்டர் தண்டின் பளபளப்பு குரோம் பூச்சு, அது தலைமுடியை விட மெல்லியது. கடலோர சைட்டில், துவாஸிலோ சாங்கியிலோ, மெஷினை வாரக்கணக்கில் தண்டு நீட்டியபடி நிறுத்தி வைத்தால் உப்புக்காற்று குரோமில் குண்டூசி முனை அளவு குழிகள் போடும். பிறகு அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு தடவையும் சீலை அரம் போல ராவும். நிறுத்தும்போது தண்டுகளை முடிந்தவரை உள்ளே இழுத்து வைக்க வேண்டும், வெளியே நிற்கும் பகுதிக்கு கிரீஸ் தடவ வேண்டும். பக்கத்தில் வெல்டிங் என்றால் ஈரச் சாக்கால் மூட வேண்டும். ஒரு பொறி பட்டாலும் குரோம் போச்சு. சீல் கிட் மாற்றும் முன் தண்டு முழுக்க நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற இடம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மேடு மட்டும் என்றால் மெல்லிய எண்ணெய்க்கல் போதும், குழி என்றால் குரோம் கடைக்கு அனுப்ப வேண்டும். யூ-பேக்கிங்கின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு, முதல் தடவை தூக்கும்போதே எண்ணெய் பீய்ச்சியதை நானே பார்த்திருக்கிறேன்.

கையை வைத்துத் தேடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். உயர் அழுத்த ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், வெளியே வருவது சொட்டு அல்ல, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு கீற்று. விரலை வைத்துத் தேடினால் கையுறையையும் தோலையும் துளைத்து எண்ணெய் சதைக்குள் போய்விடும். 7 பார் அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும் என்று பாதுகாப்புக் கையேடுகள் சொல்கின்றன, நம்முடையது 350. வெளியே ஒரு குத்துத்தழும்பு மட்டும் தெரியும். முதலில் பெரிய வலியும் இருக்காது. ராத்திரிக்குள் கை வீங்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து எண்ணெயை எடுக்காவிட்டால் விரல் போகலாம், கையே போகலாம்.

அப்படி நடந்தால் பிளாஸ்டர் போட்டுவிட்டு வேலையைத் தொடராதீர்கள். 995-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் "கை குத்திவிட்டது" என்று சொல்லாமல், "ஹைட்ராலிக் ஆயில், ஹை பிரஷர் இன்ஜெக்‌ஷன்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் பிரச்சினை ஆகுமோ என்று மறைக்க வேண்டாம். வேலைக் காயத்துக்கான சட்டம் வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கும் பொருந்தும்.

ஓட்டையைத் தேட அட்டைத்துண்டு வேண்டும், தள்ளி நின்று பிடிக்க வேண்டும். கழற்றும் முன்: பக்கெட்டையும் பூமையும் தரையில் இறக்கு, எஞ்சினை நிறுத்து, சாவியை ஆனில் வைத்து லீவர்களை எல்லாப் பக்கமும் பல தடவை ஆட்டு, டேங்க் பிரீதரை அமுக்கிக் காற்றை வெளியேற்று, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போடு. எஞ்சின் நின்றாலும், அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்குமுலேட்டரில் அழுத்தம் நிற்கும். தூக்கிய பூமின் அடியில் நின்று அதன் ஹோஸைக் கழற்றுவது தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை அறுப்பதற்குச் சமம்.

டர்போவுக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தால் நேரம் பார்க்காமல் மெஷினை நிறுத்துங்கள். எண்ணெய் தீப்பற்றும் சூடு சுமார் 200 டிகிரிக்கு மேல்; லோடில் ஓடும் டர்போவின் கூடு அதை எளிதாகத் தாண்டும். தூறலாகப் பறக்கும் எண்ணெய் அதன் மேல் பட்டால் கேபினிலிருந்து இறங்க ஆபரேட்டருக்கு நேரம் இருக்காது.

சொட்டு எங்கே போகிறது

ஒரு நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வோம். இருபது சொட்டு ஒரு மில்லி. பத்து மணி நேர வேலையில் 1.8 லிட்டர். 20 லிட்டர் வாளி பதினோரு நாளில் காலி. டவுக்கேக்கு, அதாவது முதலாளிக்கு, இந்தக் கணக்குச் சொன்னால் உடனே புரியும். எனக்குக் கவலை தருவது அந்த 20 லிட்டர் போய்ச் சேரும் இடம்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே பெய்யும் மழை காண்வாய் வழியாகப் பதினேழு நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. 2008-இல் மரினா தடுப்பணை திறந்த பிறகு நகரத்தின் நடுவிலேயே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. நம் சைட் வாசலில் இருக்கும் சின்னக் காண்வாய் சாக்கடை இல்லை. கழிவுநீருக்கு வேறு குழாய். இந்தக் காண்வாயில் ஓடுவது நாளைக்கு டார்மிட்டரிக் குழாயில் வரப்போகும் தண்ணீரின் ஒரு பங்கு. ஊரில் ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் சிந்தினால் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். சோப்பு எண்ணெயைக் கரைத்துக் கண்ணுக்கு மறைக்கும், தண்ணீரிலிருந்து எடுக்க முடியாமல் ஆக்கும். முதலில் காண்வாய் வாயை மணல் மூட்டையால் அடைத்துவிட்டு, உறிஞ்சும் பேடு அல்லது மரத்தூள் போட்டு, வாரி எடுத்து, மூடியுள்ள டிரம்மில் போட வேண்டும். கழிவு எண்ணெய் இங்கே நச்சுத் தொழிற்கழிவு என்ற கணக்கில் வருகிறது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் உள்ள கம்பெனிதான் எடுத்துப் போக வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியையும் மண்ணையும் சைட் குப்பைத் தொட்டியில் போடாமல் அந்த டிரம்மோடு சேர்த்தே அனுப்புகிறோம். டிரே இல்லாமல் டிரெயின் பிளக்கைத் திறக்கக் கூடாது. மழை பெய்தால் டிரே நிரம்பி எண்ணெய் மிதந்து வெளியே போகும், அதனால் இரவில் டிரேயை மூடி வைக்க வேண்டும். இங்கே மழை சொல்லிவிட்டு வருவதில்லை.

துவாஸ் தம்பியின் சைட்டில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து மெஷினைத் தார்ப்பாயின் கீழ் நிறுத்தும்போது, அடியில் டிரேக்குள் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்துவிடுகிறார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்குக்கு முன்னால் அட்டையில் எத்தனை புள்ளி, எந்த இடம், எவ்வளவு பெரிது என்று போட்டோ எடுக்கிறார்கள். ஒரு புள்ளி மூன்று நாள் ஒரே அளவில் இருந்தால் குறித்து வைத்துவிட்டு ஓட்டலாம். நாளுக்கு நாள் அகலமானால் அன்றே மெஷின் நிற்கும். பிரேக்கர் ஓட்டும் அண்ணன் மணி மீட்டரின் எண்ணை அட்டையின் மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டுத்தான் சாவியைப் போடுகிறார். போன வாரம் வந்த அட்டையில் மெஷினின் மேல்பகுதியைச் சுழற்றும் ஸ்விங் மோட்டாருக்கு நேர் கீழே புதிதாக ஒரு புள்ளி இருந்தது, ஐந்து காசு அளவு. தம்பி இந்தத் தடவை ஓரிங் வாங்கப் போகவில்லை. டிஷ்யூவில் தொட்டு, நிறம் பார்த்து, எனக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறான்.